‘செட்என்ஃபோர்ஸ் 0’ தந்தால் செயலி ஓடுகிறது, அப்படியே விட்டுவிடலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவு சி.ஐ.எஸ். என்ற பாதுகாப்பு அளவுகோலின்படி இறுக்கிக் கொடுத்த ராக்கி லினக்ஸ் 9 சர்வரில், ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பில் எழுதிய செயலி ஒன்றை நிறுவுகிறீர்கள். முன்னால் இணையச் சர்வரான என்ஜின்எக்ஸ், பின்னால் 8000ஆம் போர்ட்டில் பைத்தான் செயலியை ஓட்டும் ஜியூனிகார்ன், தரவுத்தளம் வேறொரு சர்வரில் உள்ள போஸ்ட்கிரெஸ். முனையத்தில் கையால் தொடங்கினால் செயலி ஓடுகிறது. சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் வழியாகத் தொடங்கினால், கோப்பை இயக்க முடியவில்லை என்னும் 203 என்ற நிலை எண்ணோடு நின்றுவிடுகிறது. அதை எப்படியோ தாண்டினால் உலாவியில் 502 பிழை வருகிறது. எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கை, எதையும் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலைக்குத் தளர்த்தும் ‘செட்என்ஃபோர்ஸ் 0’ கட்டளையைக் கொடுத்தவுடன் எல்லாம் சரியாகிவிடுகிறது. ஆகவே எஸ்இலினக்ஸை அந்தத் தளர்ந்த நிலையிலேயே விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

விட்டுவிடக் கூடாது என்பதே என் பதில். ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிப் பதில்தான் ஆகும். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் பின்பற்றி, எஸ்இலினக்ஸ் இயங்கும் நிலையிலேயே செயலியை ஓட வைத்துவிட்ட பலரின் சர்வர்களிலும், அந்தச் செயலிக்கு எஸ்இலினக்ஸ் காவல் சிறிதும் இருப்பதில்லை. என்ஜின்எக்ஸ் மட்டும் கட்டுக்குள் இருக்கிறது. நாம் எழுதிய, பிழைகள் இருக்க அதிக வாய்ப்புள்ள பைத்தான் நிரலோ கட்டில்லாமல் திரிகிறது. ஆகவே பிழைகளை நீக்குவதையும், செயலியை உண்மையாகவே காவலுக்குள் கொண்டுவருவதையும் ஒருசேரச் சொல்ல முயல்கிறேன். கட்டளைகளையும் லேபிள்களையும் ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றின் வழக்கமான ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கையாளுங்கள்.

எஸ்இலினக்ஸை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை உருவாக்கி 2000 டிசம்பரில் திறமூலமாக வெளியிட்டது. 2003இல் வந்த லினக்ஸ் 2.6 கர்னலில் அது இணைந்தது. அதன் கருத்து எளியது. ஒவ்வொரு செயல்முறைக்கும் ஒரு லேபிள், ஒவ்வொரு கோப்புக்கும் சாக்கெட்டுக்கும் போர்ட்டுக்கும் ஒரு லேபிள்; எந்த லேபிள் உள்ள செயல்முறை எந்த லேபிள் உள்ள பொருளை என்ன செய்யலாம் என்பதைக் கொள்கை வரையறுக்கிறது. கொள்கையில் சொல்லப்படாதது எதுவும் மறுக்கப்படும். கோப்பின் உரிமையாளர் யார், அதன் அனுமதி எண் 755ஆ 644ஆ என்ற பழைய சோதனை முதலில் நடக்கிறது. அதைத் தாண்டிய பிறகே இந்த இரண்டாம் சோதனை வருகிறது. பழைய சோதனையிலேயே ஒரு கோரிக்கை மறுக்கப்பட்டால் எஸ்இலினக்ஸ் பதிவில் அதைப் பற்றி ஒரு வரியும் இராது. இந்த வரிசையை நினைவில் வைத்திருந்தால் பாதித் தேடல் மிச்சமாகும்.

ரெட் ஹாட்டில் நெடுங்காலம் எஸ்இலினக்ஸ் பணியை முன்னின்று நடத்திய டான் வால்ஷ், மறுப்புகளுக்கான காரணங்களை நான்காகப் பிரித்துச் சொல்லி வந்தார்: லேபிள் தவறு, நீங்கள் வழக்கத்துக்கு மாறாக ஏதோ செய்துவிட்டு அதைக் கொள்கைக்குத் தெரிவிக்கவில்லை, கொள்கையிலோ நிரலிலோ பிழை, நான்காவது, உங்கள் சர்வர் உண்மையிலேயே தாக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. உங்களுடைய சிக்கல்கள் முதல் இரண்டு வகையில் அடங்கிவிடும். ஆனால் தளர்ந்த நிலையில் விட்ட சர்வரில், நான்காம் வகை நேர்ந்தால் பதிவேட்டில் ஒரு வரி எழுதப்படுமே தவிர எதுவும் தடுக்கப்படாது.

இனி உங்கள் 203க்கு வருகிறேன். செயலிக்கான பைத்தான் தொகுப்புகளைக் கொண்ட மெய்நிகர் சூழலை உங்கள் ஹோம் அடைவில் உருவாக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்குள்ள கோப்புகளின் லேபிள் ‘யூசர்_ஹோம்_டி’. நீங்கள் உள்நுழைந்து முனையத்தில் ஓட்டும்போது உங்கள் செயல்முறை ‘அன்கன்ஃபைன்ட்_டி’ என்ற கட்டற்ற டொமைனில் (செயல்முறையின் லேபிளை டொமைன் என்பார்கள்) இருப்பதால் எதுவும் தடுக்கப்படுவதில்லை. சிஸ்டம்டியோ ‘இனிட்_டி’ டொமைனில் இருக்கிறது. ஒருவரின் ஹோம் அடைவில் கிடக்கும் கோப்பை அது சேவையாக இயக்கக் கொள்கை அனுமதிப்பதில்லை. கையால் ஓட்டினால் ஓடுவதும் சேவையாக ஓட்டினால் நிற்பதும் இதனால்தான். இது குறையும் அன்று: பயனர் ஒருவர் தன் ஹோமில் எழுதிவைக்கும் எதையும் துவக்க நேரத்தில் ரூட் இயக்கிவிடாமல் காப்பது நியாயமான விதியே.

பைஎன்வ் அல்லது யூவி என்ற கருவி வழியாக நிறுவிய பைத்தானைப் பயன்படுத்துவோருக்கு இதே சிக்கல் மறைவாக வரும். மெய்நிகர் சூழலை எங்கே வைத்தாலும், அதனுள் இருக்கும் ‘பைத்தான்’ என்ற கோப்பு ஓர் இணைப்பு மட்டுமே. அது சுட்டும் உண்மையான இயக்கி ஹோம் அடைவுக்குள், சில சமயம் ரூட்டின் ஹோமுக்குள்ளேயே இருக்கும். அங்கே உங்கள் சேவைப் பயனருக்கு நுழையவே உரிமை இராது. ‘லிங்க்’ எங்கே போய் முடிகிறது என்று ‘ரீட்லிங்க்’ கட்டளையால் ஒருமுறை பாருங்கள். இறுக்கப்பட்ட சர்வரில், இயங்குதளத்தின் தொகுப்பிலிருந்து வரும் பைத்தானையே பயன்படுத்துவது நல்லது. பாதுகாப்புத் திருத்தங்களும் அதற்கு முறையாக வந்துசேரும்.

எதை எங்கே வைப்பது என்பதில் என் வழக்கம் இது. நிரலும் மெய்நிகர் சூழலும் ‘ஆப்ட்’ அடைவின் கீழ். அந்த அடைவின் கீழ் ‘பின்’ என்ற பெயருள்ள துணை அடைவுகளுக்கு ‘பின்_டி’ என்றும் ‘லிப்’ என்ற பெயருள்ளவற்றுக்கு ‘லிப்_டி’ என்றும் கொள்கையே லேபிள் வகுத்து வைத்திருக்கிறது. மெய்நிகர் சூழலின் அமைப்பு அதற்கு அப்படியே பொருந்துகிறது. ஜாங்கோ திரட்டித் தரும் நிலைக் கோப்புகள் ‘வார்’ அடைவில் உள்ள ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ’வின் கீழ், அங்கே இணையச் சர்வர் படிக்கக்கூடிய லேபிள் தானாகவே வரும். பயனர்கள் பதிவேற்றும் கோப்புகள் ‘வார் லிப்’ அடைவின் கீழ். அந்த ஒரு துணை அடைவுக்கு மட்டும் ‘எச்டிடிபிடி_சிஸ்_ஆர்டபிள்யூ_கன்டென்ட்_டி’ லேபிளைக் கொடுக்க வேண்டும். நிரல் இருக்கும் இடத்தில் செயலிக்கு எழுதும் உரிமை எங்கும் வேண்டாம். பைத்தான் தன் பைட்கோடை எழுத முயலும். அதற்காக உரிமையைத் திறக்காமல், நிறுவும்போதே ‘கம்பைல்ஆல்’ மூலம் தொகுத்து வைத்துவிடலாம்.

மெய்நிகர் சூழலை ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ’ அடைவிலேயே வைப்போரும் உண்டு. அங்கே அதன் லேபிள் ‘படிக்கும் உள்ளடக்கம்’ என்றாகிவிடும். தூய பைத்தான் கோப்புகள் அதனால் கெடுவதில்லை. ஆனால் நம்பை, சைகாப்ஜி போன்ற தொகுப்புகளோடு வரும் ‘.எஸ்ஓ’ நூலகங்களை நினைவகத்தில் இயங்கும் வகையில் ஏற்ற இணைய டொமைனுக்கு உரிமை இராது. ‘பகிர்ந்த பொருளிலிருந்து பகுதியை ஏற்ற முடியவில்லை, அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற பொருளில் வரும் பிழையைக் கண்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

லேபிளை மாற்ற ‘சிஎச்கான்’ கட்டளையைப் பரிந்துரைக்கும் குறிப்புகளை நம்ப வேண்டாம். அது கோப்பில் மட்டும் மாற்றும். முழு லேபிளிடல் நடந்த அன்று உங்கள் மாற்றம் மறைந்துவிடும். ‘செமனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்’ மூலம் இந்தப் பாதைக்கு இந்த லேபிள் என்று கொள்கையில் பதிந்துவிட்டு, ‘ரெஸ்டோர்கான்’ மூலம் அதைக் கோப்புகளில் ஏற்றுவதே முறை. இன்னொன்று: ‘எம்வி’ கட்டளை கோப்பை அதன் பழைய லேபிளோடேயே நகர்த்தும், ‘சிபி’ கட்டளை புதிய இடத்தின் லேபிளை எடுத்துக்கொள்ளும். ஹோமில் கட்டிய மெய்நிகர் சூழலை ‘எம்வி’யால் ‘ஆப்ட்’டுக்கு நகர்த்திவிட்டு, இடத்தை மாற்றியும் ஏன் ஓடவில்லை என்று நாள் முழுக்கத் தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மெய்நிகர் சூழலில் பாதைகள் உள்ளேயே எழுதப்பட்டிருப்பதால் அதை நகர்த்தவே கூடாது. புதிய இடத்தில் புதிதாகக் கட்டுங்கள்.

அடுத்தது 502. என்ஜின்எக்ஸின் பிழைப் பதிவில் 13 என்ற எண்ணோடு ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று இருந்தால், அது எஸ்இலினக்ஸின் வேலையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ‘ஆசர்ச்’ கட்டளையில் ஏவிசி என்ற மறுப்புப் பதிவு வகையையும் ‘ரீசன்ட்’ என்ற காலத்தையும் கொடுத்தால் கடந்த 10 நிமிடங்களின் மறுப்புகள் கிடைக்கும். அந்த நீண்ட வரியைக் கண்டு மிரள வேண்டாம். நான்கு சொற்களைப் பிடித்தால் போதும். வளைவடைப்புக்குள் இருப்பது முயன்ற செயல். ‘எஸ்கான்டெக்ஸ்ட்’ என்பது முயன்றவர். ‘டிகான்டெக்ஸ்ட்’ என்பது முயற்சிக்கு இலக்கான பொருள். ‘டிகிளாஸ்’ அப்பொருளின் வகை. உங்கள் வரியில், ‘எச்டிடிபிடி_டி’ டொமைனில் உள்ள என்ஜின்எக்ஸ், ‘சவுண்ட்டி_போர்ட்_டி’ லேபிள் உள்ள டி.சி.பி. போர்ட்டில் இணைய முயன்று மறுக்கப்பட்டதாக இருக்கும். 8000ஆம் போர்ட் கொள்கையில் ஒலிச் சேவை ஒன்றுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதே காரணம். ஆவணங்களில் எங்கும் காணும் 8000 என்ற அந்த எண்தான் இத்தனை பேரைச் சிக்கவைக்கிறது.

இந்த இடத்தில் பெரும்பாலான குறிப்புகள் ‘எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட்’ என்ற பூலியனை, அதாவது கொள்கையில் உள்ள திறந்து மூடும் சுவிட்சைத் திறக்கச் சொல்லும். திறந்தால் 502 போய்விடும், உண்மை. ஆனால் அந்தப் பூலியன், இணைய டொமைனில் உள்ள எந்தச் செயல்முறையும் உலகின் எந்த டி.சி.பி. போர்ட்டோடும் இணையலாம் என்கிறது. தாக்குபவர் செயலியில் ஓட்டை கண்டு நுழைந்தவுடன் பெரும்பாலும் செய்வது, உள்ளிருந்து தன் கணினிக்கு ஓர் இணைப்பை எழுப்பி அதன்வழி கட்டளை பெறுவது. மூடியிருந்த அந்தப் பூலியன் அதைத்தான் தடுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் உள்ள ஜியூனிகார்னோடு பேசுவதற்காக உலகத்துக்கே கதவைத் திறந்துவிடுவது தேவையில்லை. ‘ஆடிட்2அலோ’வின் வெளியீட்டைப் படிக்காமல் கொள்கைத் தொகுதியாக ஏற்றிவிடுவதும் இதே தவறுதான், அது மறுக்கப்பட்டதை அனுமதிக்கும் விதியை எழுதித் தருமே ஒழிய, அந்த அனுமதி தகுமா என்று சிந்திக்காது. மறுப்பின் காரணத்தை விளக்கும் ‘ஆடிட்2ஒய்’ அதைவிடப் பயனுள்ளது.

ஒரே சர்வரில் இருக்கும் இரண்டு நிரல்கள் பேசிக்கொள்ள டி.சி.பி. போர்ட் எதற்கு? போர்ட்டுக்குப் பதில் கோப்புப் பாதை வழியாகப் பேசும் யூனிக்ஸ் சாக்கெட்டை வையுங்கள். சிஸ்டம்டி சேவைக் கோப்பில் ‘ரன்டைம்டைரக்டரி’ என்ற ஆணையைக் கொடுத்தால், ‘ரன்’ அடைவின் கீழ் உங்கள் செயலிக்கான துணை அடைவு ஒவ்வொரு முறையும் சரியான உரிமையாளரோடு உருவாகும். அந்தப் பாதைக்கு ‘எச்டிடிபிடி_வார்_ரன்_டி’ லேபிளைப் பதிந்துவிடுங்கள். ராக்கி 8, 9 பதிப்புகளில் ‘ரன்’ என்று எழுதிப் பதிய முயன்றால், ‘ரன்’னும் ‘வார் ரன்’னும் ஒன்றே என்ற சமன் விதியோடு மோதுகிறது என்று ‘செமனேஜ்’ மறுக்கும். ‘வார் ரன்’ என்ற பழைய பாதையைக் கொடுக்க வேண்டும். தவிர்க்க முடியாத காரணத்தால் போர்ட்தான் வேண்டுமென்றால், 8000ஐ ‘எச்டிடிபி_போர்ட்_டி’ என்று மாற்றிப் பதிந்து, ‘எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_ரிலே’ என்ற குறுகிய பூலியனைத் திறந்தால் போதும்.

சாக்கெட்டுக்கு மாறிய பிறகும் மறுப்பு ஒன்று எஞ்சி நிற்கக்கூடும்: என்ஜின்எக்ஸ், ‘அன்கன்ஃபைன்ட்_சர்வீஸ்_டி’ டொமைனில் உள்ள ஒரு செயல்முறையின் சாக்கெட்டோடு இணைய முயன்றது என்று. தொடக்கத்தில் நான் சொன்ன கட்டற்ற பைத்தான் நிரல் இதுதான். ‘பின்_டி’ லேபிள் உள்ள, தனக்கென்று கொள்கை இல்லாத ஒரு கோப்பைச் சிஸ்டம்டி இயக்கினால், அந்தச் சேவை ‘அன்கன்ஃபைன்ட்_சர்வீஸ்_டி’ டொமைனுக்குப் போய்விடுகிறது. பெயரே சொல்வதுபோல் அங்கே கட்டு எதுவும் இல்லை. ‘பிஎஸ்’ கட்டளையில் பெரிய ‘இசட்’ தெரிவைச் சேர்த்து உங்கள் ஜியூனிகார்ன் எந்த டொமைனில் ஓடுகிறது என்று பாருங்கள். ‘கெட்என்ஃபோர்ஸ்’ கட்டளை ‘என்ஃபோர்சிங்’ என்று சொன்னாலும், செயலி இந்த டொமைனில் இருக்குமட்டும் அதைக் காப்பது பழைய பயனர் உரிமைகள் மட்டுமே.

இதைத் தீர்க்க நேரடியான வழி உண்டு. மெய்நிகர் சூழலின் ‘பின்’ அடைவில் உள்ள ‘ஜியூனிகார்ன்’ என்ற ஒற்றைக் கோப்புக்கு ‘எச்டிடிபிடி_எக்ஸிக்_டி’ லேபிளைப் பதியுங்கள். அந்த லேபிளைச் சிஸ்டம்டி இயக்கினால் செயல்முறை ‘எச்டிடிபிடி_டி’ டொமைனுக்கு மாற வேண்டும் என்ற விதி கொள்கையில் ஏற்கெனவே உள்ளது. அப்பாச்சியும் என்ஜின்எக்ஸும் அப்படித்தான் மாறுகின்றன. மாறியபின் இரண்டும் ஒரே டொமைனில் இருப்பதால் சாக்கெட் இணைப்பும் தடையின்றி நடக்கும். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஜியூனிகார்ன் கோப்பு, முதல் வரியில் பைத்தானைச் சுட்டும் ஒரு ஸ்கிரிப்ட். டொமைன் மாற்றத்தைத் தீர்மானிப்பது முதலில் அழைக்கப்பட்ட ஸ்கிரிப்ட்டின் லேபிள்தான், அதை ஓட்டும் பைத்தானின் லேபிள் அன்று. ஆகவே சேவைக் கோப்பில் அந்த ஸ்கிரிப்ட்டை நேராக அழைக்க வேண்டும். ‘பைத்தான் மைனஸ் எம் ஜியூனிகார்ன்’ என்று அழைத்தால், இயக்கப்படுவது இயங்குதளத்தின் பைத்தான் ஆகிவிடும். செயலி மீண்டும் கட்டற்ற டொமைனுக்கே போகும், அதுவும் பிழை எதுவும் காட்டாமல்.

செயலியும் என்ஜின்எக்ஸும் ஒரே டொமைனில் இருப்பது இறுதியான தீர்வாகாது. ஒன்றின் உரிமை மற்றதற்கும் உண்டு என்பதால், என்ஜின்எக்ஸ் படிக்கக்கூடிய சான்றிதழ்க் கோப்புகளைச் செயலியிடமிருந்து எஸ்இலினக்ஸ் பிரித்துக் காக்காது. அந்த வேலையைக் கோப்பு உரிமைகளிடம் விட வேண்டியிருக்கும். நேரம் கிடைக்கும்போது ‘செபாலிசி ஜெனரேட்’ மூலம் உங்கள் செயலிக்கென்றே தனி டொமைன் எழுதுவது மேல். அக்கருவி தொடக்கக் கொள்கையைத் தளர்ந்த டொமைனாக உருவாக்கித் தரும். சில வாரங்கள் ஓடவிட்டு, வரும் மறுப்புகளைப் படித்துத் தேவையானதை மட்டும் சேர்த்து, பிறகு இறுக்கலாம். ஆனால் அதுவரை காத்திருக்காமல் இன்றே ‘எச்டிடிபிடி_டி’க்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

காவலுக்குள் வந்தவுடன் இதுவரை ஓடியவை சில நிற்கும். அது எதிர்பார்க்க வேண்டியதே. போஸ்ட்கிரெஸோடு இணைய ‘எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட்_டிபி’ என்ற பூலியனைத் திறக்க வேண்டும். அது தரவுத்தளப் போர்ட்டுகளுக்கு மட்டும் வழிவிடும். நடுவில் தரவுத்தள இணைப்புகளைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சரை 6432இல் வைத்திருந்தால், அந்த எண் கொள்கைக்குத் தெரியாது. அதைப் போஸ்ட்கிரெஸ் போர்ட்டாகப் பதிந்துகொள்ளுங்கள். மின்னஞ்சல் அனுப்பத் தனிப் பூலியன் உண்டு. கட்டண வாயில் போன்ற வெளிச் சேவைகளை 443இல் அழைக்க வேண்டுமானால் மேலே சொன்ன ரிலே பூலியன் போதும். அது வெளியே 443க்குப் போகும் எல்லா இணைப்பையும் அனுமதிப்பதால், எந்த முகவரிகளுக்குப் போகலாம் என்பதை ஃபயர்வாலிலோ வெளிச்செல்லும் பிராக்ஸியிலோ குறுக்கிவிடுங்கள். சி மொழி நிரல்களை அழைக்க உதவும் சிஎஃப்எஃப்ஐ நூலகத்தின் கால்பேக்குகளைப் பயன்படுத்தும் பழைய தொகுப்புகள், எழுதவும் இயக்கவும் கூடிய நினைவகத்தை ஒதுக்க முடியவில்லை என்று ‘மெமரிஎரர்’ எழுப்பலாம். ‘எச்டிடிபிடி_எக்ஸிக்மெம்’ பூலியனைத் திறந்தால் அது போகும். ஆனால் அந்தத் தொகுப்பைப் புதுப்பிக்க முடியுமா என்று பார்ப்பதே முதல் வேலை.

சோதிக்கும்போது முழுச் சர்வரையும் தளர்த்த வேண்டியதில்லை. ‘செமனேஜ் பெர்மிசிவ்’ மூலம் ஒரு டொமைனை மட்டும் தளர்த்தி, எல்லா மறுப்புகளையும் ஒரே ஓட்டத்தில் சேகரித்து, முடிந்ததும் அதை நீக்கிவிடலாம். மறுப்பே பதிவாகாமல் செயலி மட்டும் தோற்றால், பதிவு செய்ய வேண்டாம் என்று கொள்கை ஒதுக்கிவைத்த மறுப்பாக இருக்கக்கூடும். ‘செமாட்யூல்’ கட்டளையில் பெரிய ‘டிபி’ கொடுத்தால் அவையும் வெளிப்படும். பிறகு பெரிய ‘பி’ மட்டும் கொடுத்து மீட்டுவிடுங்கள்.

இறுக்கப்பட்ட சர்வரில் தடுப்பது எஸ்இலினக்ஸ் மட்டும் அன்று. எந்த அடுக்கு தடுக்கிறது என்று அறிய, பைத்தான் தரும் பிழை எண் அருமையான தடயம். 13 என்றால் பெரும்பாலும் பழைய உரிமைச் சோதனையோ எஸ்இலினக்ஸோ தடுத்திருக்கிறது. ஏவிசி வரி இருந்தால் பின்னது, பெரும்பாலும். 30 என்றால், அதாவது ‘படிக்க மட்டுமான கோப்பு முறைமை’ என்றால், சேவைக் கோப்பில் உள்ள ‘புரொடெக்ட்சிஸ்டம்’ ஆணை தன் வேலையைச் செய்கிறது. எழுத வேண்டிய பாதையை ‘ரீட்ரைட்பாத்ஸ்’ஸில் சேர்க்க வேண்டும். 1 என்றால், எஸ்இலினக்ஸ் பதிவுகளில் தேடுமுன் மவுண்ட் தெரிவுகளையும், நம்பிய கோப்புகளை மட்டும் இயங்கவிடும் எஃப்ஏபாலிசிடியையும் பாருங்கள்.

சி.ஐ.எஸ். அளவுகோல் ‘டெம்ப்’ அடைவை, அங்குள்ள எதையும் இயக்கவிடாத ‘நோஎக்ஸிக்’ தெரிவோடு மவுண்ட் செய்யச் சொல்கிறது. பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப், சிலவற்றை மூலத்திலிருந்து கட்டும்போது அந்த அடைவில்தான் ஸ்கிரிப்ட்டுகளை இயக்க முயலும், கட்டுமானம் தோற்கும். ‘நோஎக்ஸிக்’கை நீக்காதீர்கள். ‘டிஎம்பிடிஐஆர்’ என்ற சூழல் மாறியை வேறொரு அடைவுக்குத் திருப்பினால் தீரும். அதைவிட நல்லது, வேறு கட்டுமானக் கணினியில் வீல் என்ற ஆயத்தத் தொகுப்புக் கோப்புகளாகக் கட்டி எடுத்துவந்து நிறுவுவது. அப்போது உற்பத்திச் சர்வரில் ஜிசிசி போன்ற கருவிகளே இருக்க வேண்டியதில்லை. எஃப்ஏபாலிசிடியை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஸ்டிக் வழிகாட்டி கட்டாயமாக்குகிறது. இயங்குதளத் தொகுப்புகளைப் பதிந்துவைக்கும் ஆர்பிஎம் தரவுத்தளத்தில் இல்லாத நூலகங்களை அது நம்பாது; பிப் நிறுவிய எதுவும் அதில் இல்லை. உங்கள் அடைவை அதன் நம்பிக்கைப் பட்டியலில் சேர்ப்பதோடு, ஒவ்வொரு புதிய வெளியீட்டின் பின்பும் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும், கோப்பு மாறினால் நம்பிக்கையும் போய்விடும் என்பதால்.

பிழை எண்ணே வராத ஒரு சிக்கலை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன், ஏனெனில் அது என்னிடமிருந்து ஒரு முழு இரவை எடுத்துக்கொண்டது. நான் பணியாற்றிய ஓரிடத்தில் புதிய கோப்புகளின் உரிமைகளைக் குறுக்கும் யூமாஸ்க், ரூட்டுக்கு 077 என்று இறுக்கப்பட்டிருந்தது. ரூட்டாக இருந்து பிப் மூலம் தொகுப்புகளை நிறுவினேன். சேவைப் பயனராகச் செயலி தொடங்கியதும் ‘ஜாங்கோ.கோர் என்ற தொகுதி இல்லை’ என்றது. ‘ஜாங்கோ’ இல்லை என்று சொல்லவில்லை; அதன் உள்ளே இருக்கும் ‘கோர்’ இல்லை என்றது. தொகுப்பு சிதைந்துவிட்டது என்று எண்ணி மூன்று முறை மீண்டும் நிறுவினேன். நடந்தது இதுதான்: ஜாங்கோ அடைவு 700 என்ற உரிமையில் இருந்தது. பைத்தானின் இறக்குமதி முறை, அடைவு இருக்கிறது என்று காண்கிறது. உள்ளே தொடக்கக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்க முயன்று உரிமையின்றித் தோற்கிறது. ஆகவே அதை வெறுமையான பெயர்வெளித் தொகுப்பு என்று முடிவு செய்து மேலே நகர்கிறது. அனுமதிப் பிழை விழுங்கப்பட்டுவிடுகிறது. அன்றிலிருந்து, நிறுவும் ஸ்கிரிப்ட்டின் முதல் வரியிலேயே யூமாஸ்க்கை 022 என்று வைத்துவிட்டுத்தான் பிப்பைத் தொடுகிறேன்.

உங்கள் சர்வரில் அமெரிக்க அரசின் குறியாக்கத் தரமான ஃபிப்ஸ் நிலையும் இயங்கினால், எம்டி5 என்ற பழைய ஹாஷ் முறையைப் பயன்படுத்தும் நிரல்கள் ‘வேல்யூஎரர்’ எழுப்பும். கேச் திறவுகோல் போன்ற பாதுகாப்பு சாராத பயன் என்றால், பைத்தான் 3.9 முதல் உள்ள ‘யூஸ்ட்ஃபார்செக்யூரிட்டி’ என்ற அளவுருவைப் ‘பொய்’ என்று கொடுக்கலாம். கவலைக்குரியது வேறொன்று. கிரிப்டோகிராஃபி தொகுப்பின் ஆயத்த வீல் தனக்கான ஓப்பன்எஸ்எஸ்எல்லைத் தன்னுள்ளேயே கொண்டுவருகிறது. சைகாப்ஜி2வின் பைனரித் தொகுப்பும் அப்படியே. பிழை எதுவும் வராமல், சான்றளிக்கப்பட்ட இயங்குதள நூலகத்தைச் சுற்றிப் போய்விடும். ஃபிப்ஸ் உங்களுக்குக் கட்டாயம் என்றால் இவற்றை மூலத்திலிருந்து, இயங்குதள நூலகத்தோடு இணைத்துக் கட்ட வேண்டும்.

எஸ்இலினக்ஸுக்கு மேல் சிஸ்டம்டியின் காவலையும் சேருங்கள். ‘நோநியூபிரிவிலேஜஸ்’, ‘பிரைவேட்டெம்ப்’, ‘புரொடெக்ட்ஹோம்’, ‘புரொடெக்ட்சிஸ்டம் ஸ்ட்ரிக்ட்’, வெறுமையான ‘கேப்பபிலிட்டிபவுண்டிங்செட்’ ஆகியவை ஜாங்கோ செயலி எதையும் நான் பார்த்தவரை கெடுத்ததில்லை. ‘நோநியூபிரிவிலேஜஸ்’ சேர்க்கும்போது டொமைன் மாற்றத்துக்குக் கொள்கையில் தனி அனுமதி தேவை. வழக்கமான சேவை டொமைன்களுக்கு அது தரப்பட்டிருக்கிறது என்றாலும், சேர்த்தபின் ‘பிஎஸ்’ கட்டளையால் மீண்டும் ஒருமுறை உறுதிசெய்யுங்கள். கடவுச்சொற்களையும் ரகசியத் திறவுகோலையும் ‘என்விரான்மென்ட்’ வரியில் எழுதாதீர்கள்; சர்வரில் உள்ள எந்தப் பயனரும் ‘சிஸ்டம்சிடிஎல் ஷோ’ மூலம் அதைப் படிக்கலாம். ரூட் மட்டும் படிக்கக்கூடிய கோப்பை ‘என்விரான்மென்ட்ஃபைல்’ வழியாகக் கொடுங்கள்; ராக்கி 9இல் ‘லோட்கிரெடென்ஷியல்’ ஆணையும் கிடைக்கிறது, அது இன்னும் நன்று.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் சர்வரை ஒருமுறை மறுதொடக்கம் செய்து பாருங்கள். தற்காலிகமாகத் திறந்த பூலியன்கள் அப்போது வெளிப்படும்; ‘சிஎச்கான்’ மாற்றங்கள் ‘ரெஸ்டோர்கான்’ ஓட்டும்போது வெளிப்படும். பூலியனை நிலையாக்க ‘செட்செபூல்’ கட்டளையில் பெரிய ‘பி’ தெரிவு வேண்டும் என்பது பலருக்கு மறந்துபோகிறது. வெளியீட்டு ஸ்கிரிப்ட்டின் இறுதியில் ‘ரெஸ்டோர்கான்’ ஒருமுறை ஓடட்டும். முடிந்தபின் ‘செமனேஜ் எக்ஸ்போர்ட்’ மூலம் உங்கள் மாற்றங்கள் அனைத்தையும் ஒரு கோப்பில் எடுத்து, நிரலோடு சேர்த்துப் பதிப்புக் கட்டுப்பாட்டில் வையுங்கள். அதே கோப்பைப் பாதுகாப்புப் பிரிவுக்கும் அனுப்புங்கள்: எந்தப் பாதைக்கு என்ன லேபிள், எந்தப் பூலியன் எதற்காகத் திறந்தது என்று அவர்கள் ஒரு பக்கத்தில் படித்துவிடலாம், அடுத்த சர்வரில் அதே கோப்பை இறக்குமதி செய்தால் இந்த வேலையை நீங்கள் இரண்டாம் முறை செய்ய வேண்டியதும் இராது.